மண்டியிட்ட மேதை

அழுத்தத்தின் அலகு பாஸ்கல் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியையும் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். அத்தோடு அந்த மனிதரை மறந்தும் விடுகிறோம். அவர் யார், எவ்வாறு வாழ்ந்தார், எவ்வாறு இறந்தார் என்பதைப் பாடநூல் கூறுவதில்லை. அது பாடநூலின் வேலையும் அன்று. ஆனால் நம் பள்ளி மலரில் அதற்கு இடமுண்டு அல்லவா? உலகின் தலைசிறந்த மூளைகளுள் ஒன்றைப் பெற்றிருந்த ஒருவர், எல்லையற்ற இறைவன் முன்னே மண்டியிடக் கற்றுக்கொண்ட வரலாறு இது. எளிதாகக் கற்றுக்கொண்டார் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

பிளேஸ் பாஸ்கல் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பிரான்சு நாட்டின் கிளேர்மோன் நகரிலே பிறந்தார். தந்தை எத்தியேன் பாஸ்கல் அரசாங்கத்தில் உயர் அலுவலர். கணிதத்தில் நல்ல புலமை வாய்ந்தவர். பிளேஸுக்கு மூன்று வயதாகும்போதே தாய் இறந்துபோனார். மூத்தவள் ஜில்பெர்த், இளையவள் ஜாக்குலின் என இரு சகோதரிகள். தந்தை மறுமணம் செய்துகொள்ளாமல் தாயற்ற மூன்று குழந்தைகளையும் தாமே வளர்த்தார். 1631இல் அவர்களை அழைத்துக்கொண்டு பாரிஸ் மாநகரில் குடியேறினார். மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தார்.

தந்தை ஒரு விநோதமான கட்டளை இட்டிருந்தார். முதலில் மொழிகளைக் கற்க வேண்டும், கணிதம் பிறகுதான். கணிதத்தின் சுவை கண்டால் பையன் வேறொன்றையும் படிக்கமாட்டான் என்று அஞ்சி, வீட்டிலிருந்த கணித நூல்களையெல்லாம் அவர் மறைத்து வைத்தார். (நம்மில் பலருக்கு இப்படியொரு தந்தை வாய்க்கவில்லையே என்று தோன்றும்!) ஆனால் பன்னிரண்டு வயதுச் சிறுவன், விளையாடும் நேரத்தில் தனியே அமர்ந்து, கரித்துண்டால் தரையிலே உருவங்கள் வரைந்துகொண்டிருந்தான். பெயர்கள் தெரியாததால் கோட்டுக்குக் கம்பு என்றும் வட்டத்துக்கு வளையம் என்றும் தானே பெயரிட்டுக்கொண்டான். ஒருநாள் தந்தை உள்ளே நுழைந்தபோது, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்னும் உண்மையை மகன் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். தந்தையின் கண்களில் நீர் பெருகிற்று. அன்றிலிருந்து யூக்ளிடின் நூல் பிளேஸின் கைக்கு வந்தது. பதினாறு வயதில் அவர் எழுதிய கூம்பு வெட்டுகளைப் பற்றிய கட்டுரையைக் கண்ட பெரும் தத்துவ அறிஞர் தெக்கார்த், இதை ஒரு சிறுவன் எழுதியிருப்பான் என்று நம்ப மறுத்துவிட்டாராம்.

இவ்வீட்டில் அறிவு ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தங்கை ஜாக்குலினைப் பற்றி நாம் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். அண்ணனின் வரலாற்றில் பாதி அவளுடையது. அரசாங்கம் மக்களுக்குத் தரவேண்டிய வட்டியைக் குறைத்தபோது எதிர்ப்புத் தெரிவித்தோரில் தந்தையும் ஒருவர். ஆகவே 1638இல் சிறைக்கு அஞ்சி அவர் ஒளிந்துகொள்ள நேரிட்டது. மறு ஆண்டு, பதின்மூன்று வயது ஜாக்குலின், அதிகாரமெல்லாம் கையில் வைத்திருந்த கர்தினால் ரிஷ்லியே முன்னிலையில் ஒரு நாடகத்தில் நடித்தாள். அம்மைத் தழும்பு இன்னும் ஆறாத முகம். நாடகம் முடிந்ததும் கர்தினாலிடம் சென்று தந்தையை மன்னிக்குமாறு வேண்டினாள். மன்னிப்பும் கிடைத்தது, தந்தைக்கு ரூவான் நகரில் வரி வசூலிக்கும் பெரிய பதவியும் கிடைத்தது. அந்த நகரில் 1640ஆம் ஆண்டு, தேவமாதாவின் அமல உற்பவத்தைப் பற்றிக் கவிதை எழுதி ஜாக்குலின் பரிசு பெற்றாள். ஆண்டு விழா மேடையிலே கால் நடுங்கும் நாம் இதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

ரூவானில் தந்தை நள்ளிரவு வரை வரிக் கணக்குகளோடு போராடுவதை மகன் கண்டார். பத்தொன்பது வயதுகூட நிறையாத பிளேஸ், 1642இல் ஒரு கணக்கிடும் இயந்திரம் செய்யத் தொடங்கினார். பற்சக்கரங்கள் சுழன்று கூட்டலையும் கழித்தலையும் தாமே செய்யும். ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்தே அதை நிறைவு செய்தார். அவற்றில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. காற்றுக்கு எடை உண்டு என்பதை மெய்ப்பிக்க அவர் வகுத்த சோதனையும் புகழ்பெற்றது. 1648 செப்டம்பர் 19ஆம் நாள், ஜில்பெர்த்தின் கணவர் பெரியே, பிளேஸின் சொற்படி பாதரசக் குழாயுடன் புய் தெ தோம் என்னும் மலையில் ஏறினார். அடிவாரத்தைவிட உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி நின்றது! மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பது ஐயமின்றித் தெளிந்தது.

புகழ் வந்தது. புகழோடு செருக்கும் வந்தது. நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரே பின்னாளில் அதை மறைக்கவில்லை. தம் கண்டுபிடிப்பில் பிறர் பங்கு கேட்டால் சீறுவார். 1652இல் சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்தீனாவுக்குத் தம் இயந்திரத்தை அனுப்பியபோது, அறிவினால் ஆள்வோர் மகுடத்தினால் ஆள்வோருக்குக் குறைந்தவர் அல்லர், இன்னும் உயர்ந்தவரே என்ற கருத்துப்படக் கடிதம் எழுதினார். அரசியைப் புகழ்வதுபோல் தம்மையும் அரியணையில் ஏற்றிக்கொண்டார் என்றே அதைப் படிப்போருக்குத் தோன்றும்.

ஆயினும் இறைவன் அந்த வீட்டின் கதவை முன்னரே தட்டியிருந்தார். 1646 ஜனவரியில் தந்தை பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டார். சிகிச்சை செய்ய வந்த இரு சகோதரர்கள் மூன்று மாதம் அவ்வீட்டிலேயே தங்கினர். எலும்பு கட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. பக்தி மிகுந்த அவர்களின் பேச்சும் கொடுத்த நூல்களும் குடும்பம் முழுவதையும் இறைவன்பால் திருப்பின. எல்லாரினும் முதலில் நெஞ்சு நெகிழ்ந்தவர் பிளேஸ். அவரே தங்கைக்கு ஊக்கமூட்டினார். ஆனால் நடந்தது என்ன? ஊட்டியவர் ஆறிப்போனார், ஊட்டப்பட்டவர் கொழுந்துவிட்டு எரிந்தார். போர்ட் ராயல் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று ஜாக்குலின் உறுதி பூண்டார். தந்தை தடுத்தார். தாம் உயிரோடிருக்கும் வரையில் மகள் பிரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். மகளும் கீழ்ப்படிந்து காத்திருந்தார்.

1651 செப்டம்பரில் தந்தை இறந்தார். இப்பொழுது தடுத்தவர் அண்ணன்! தனிமையை அவரால் தாங்க முடியவில்லை. இன்னும் ஓராண்டாவது தம்மோடு இருக்கும்படி வேண்டினார். ஜாக்குலின் மசியவில்லை. 1652 ஜனவரி 4ஆம் நாள் காலை அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். முந்திய இரவே செய்தியறிந்த பிளேஸ், தங்கையைப் பாராமல் துயரத்தோடு தம் அறைக்குள் போய்விட்டார். அழுகை வந்துவிடுமோ என்று அஞ்சி அக்காளும் தங்கையும்கூட விடைபெற்றுக்கொள்ளவில்லையாம்.

அதோடும் முடியவில்லை. தம் பங்குச் சொத்தை மடத்துக்குக் கொடுக்க ஜாக்குலின் விரும்பியபோது, அண்ணனும் அக்காளும் சட்டம் பேசித் தடை செய்தனர். வெறுங்கையோடு வார்த்தைப்பாடு கொடுப்பதா என்று ஜாக்குலின் வெட்கத்தால் குன்றிப்போனார். பணமின்றியே ஏற்றுக்கொள்வோம் என்று மடத்துத் தாயார் தேற்றினார். கடைசியில் தங்கையைப் பார்க்க வந்த பிளேஸ், அவருடைய முகத்தைக் கண்டதும் மனம் மாறிப் பணத்தைக் கொடுத்தார். 1653 ஜூனில் ஜாக்குலின் வார்த்தைப்பாடு கொடுத்தார். நாங்கள் இவ்விடத்தில் முழுக்க முழுக்கத் தங்கையின் கட்சிதான். மேதையாக இருப்பதும் நல்ல அண்ணனாக இருப்பதும் வேறு வேறு என்பது தெளிவாகிறதல்லவா?

பிளேஸ் பாரிஸின் செல்வர்களோடும் பிரபுக்களோடும் பழகினார். 1654ஆம் ஆண்டு அவருடைய கணிதத்துக்குப் பொன்னான ஆண்டு. சூதாட்டத்தில் எழுந்த ஒரு கேள்வியை வைத்து, பெர்மா என்ற அறிஞருடன் கடிதம் எழுதி, இன்று நாம் நிகழ்தகவு என்று படிக்கும் கணிதத்துக்கு அடிகோலினார். அவர் பெயரால் வழங்கும் எண் முக்கோணத்தைப் பற்றி எழுதியதும் அப்பொழுதே. (அந்த முக்கோணத்தை நம் நாட்டவரும் சீனரும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.) ஆனால் உள்ளத்திலே வெறுமை. அடிக்கடி மடத்துக்குச் சென்று தங்கையிடம் பேசினார். உலகம் கசந்துவிட்டது, ஆனால் இறைவன்பால் ஈர்ப்பும் உண்டாகவில்லை என்று மனம் திறந்தார். எவரைத் தடுத்தாரோ அவரிடமே வந்து அமர்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாக்குலின் நீண்ட போதனை செய்யவில்லை, பொறுமையோடு கேட்டார், அவருக்காகச் செபித்தார்.

1654 நவம்பர் 23, திங்கட்கிழமை. இரவு ஏறத்தாழப் பத்தரை மணியிலிருந்து நள்ளிரவு கடந்து அரைமணி வரை, தம் அறையில் தனித்திருந்த பிளேஸுக்கு இறைப் பிரசன்னத்தின் அனுபவம் ஒன்று கிடைத்தது. அறிவினால் எட்டிப் பிடிக்கும் கடவுளை அல்ல, ஆபிரகாமும் அவர் மக்களும் வழிபட்ட, இயேசு கிறிஸ்து காட்டிய உயிருள்ள கடவுளை அன்றிரவு அவர் கண்டுகொண்டார். ஆனந்தத்தால் அழுதார். அவரைவிட்டு முன்பு தாம் விலகிப்போனதை நினைத்து வருந்தினார். இதைப் பற்றி அவர் வெளியே மூச்சுவிடவில்லை. நமக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம். 1655 ஜனவரியில் நகருக்கு வெளியேயிருந்த போர்ட் ராயல் இல்லத்துக்குச் சென்று தியானத்தில் தங்கினார். துறவியாகவில்லை, ஆயினும் அதன்பின் அவர் வாழ்க்கை வேறு.

கணிதம் அவரை இறைவனிடமிருந்து பிரிக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லையற்றது என்ற சொல்லை நாம் செபத்திலே வாயினால் சொல்கிறோம். அவருக்கோ அதன் கணக்குத் தெரியும். எல்லையற்ற ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் அது பெருகாது. ஆயிரத்தைக் கழித்தாலும் குறையாது. அதன் முன்னே பத்தும் ஒன்றுதான், பத்துக் கோடியும் ஒன்றுதான். வானத்தின் விரிவை நோக்கினால் நம் பூமி ஒரு புள்ளி. கண்ணுக்கெட்டாத சிறு பூச்சியின் உடலைப் பிளந்து நோக்கினால் அங்கேயும் முடிவில்லாத நுட்பம். இவ்விரண்டு முடிவின்மைகளுக்கும் நடுவே தொங்கும் மனிதன், எளிதில் ஒடியும் நாணல் போன்றவன். ஆனால் தான் ஒடிவதை அறியும் நாணல். அவனுடைய பெருமையும் சிறுமையும் அதிலேயே அடங்கும் என்று பாஸ்கல் கண்டார். அப்படியானால் இறைவனின் முன்னே அரசனும் ஏழையும், மேதையும் எழுத்தறியாதவனும் எவ்வளவு தூரம்? கணக்குப்படி சமதூரம். எழுதிவிடுவது எளிது; வாழ்ந்து காட்ட அவருக்கு இன்னும் ஆறேழு ஆண்டுகள் பிடித்தன.

இடையிலே திருச்சபைக்குள் ஒரு கசப்பான வாக்குவாதம் எழுந்தது. போர்ட் ராயலைச் சேர்ந்தோரின் கொள்கைகளில் சிலவற்றை உரோமை கண்டித்தது. 1656, 1657 ஆகிய ஆண்டுகளில் பாஸ்கல் அவர்கள் சார்பில் புனைபெயரில் பதினெட்டுக் கடிதங்கள் எழுதி இயேசு சபையாரைக் கடுமையாகத் தாக்கினார். அக்கடிதங்கள் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ந்தன. இதை விரித்துரைக்க எங்களுக்கு அறிவு போதாது. ஒன்று மட்டும் சொல்வோம். பாஸ்கல் பிறந்து நானூறு ஆண்டுகள் நிறைந்த 2023 ஜூன் 19 அன்று, அவரைப் போற்றித் திருமடல் வெளியிட்டவர் திருத்தந்தை பிரான்சிஸ். அவர் இயேசு சபைத் துறவி.

1656 மார்ச் 24இல், போர்ட் ராயலில் தங்கிப் படித்த ஜில்பெர்த்தின் மகள் மார்கரீத், பத்து வயதுச் சிறுமி, நெடுநாளாகச் சீழ் வடிந்த தன் கண்ணைத் திருமுட்கிரீடத்தின் முள் என்று வணங்கப்பட்ட அருளிக்கத்தால் தொட்டாள், குணமடைந்தாள். அவ்வாண்டே பாரிஸ் மறைமாவட்ட அதிகாரிகள் விசாரித்து அதைப் புதுமையென ஏற்றனர். மாமன் பாஸ்கலின் உள்ளம் நன்றியால் நிறைந்தது. நம்பாதோரை நம்பிக்கைக்கு அழைக்கும் பெருநூல் ஒன்றுக்காகக் குறிப்புகள் எழுதினார். தாள்களில் எழுதி, துண்டுகளாக நறுக்கி, துளையிட்டு நூலில் கோத்து வைத்தார். நூல் முடியவேயில்லை. அத்துண்டுகளே 1670இல் சிந்தனைகள் என்னும் பெயரில் அச்சேறி, இன்றளவும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. முற்றுப்பெறாத நூலால் இவ்வளவு புகழ் பெற்றவர் வேறு எவரும் உண்டோ?

முடியாததன் காரணம் நோய். இளமையிலிருந்தே அவருக்குத் தலைவலியும் வயிற்று வலியும் தீராத துணை. 1659க்குப் பின் தொடர்ந்து படிக்கவும் எழுதவும் இயலாதவரானார். அந்த மூளைக்கு அது எத்தகைய சிலுவை! நோயை நல்ல முறையில் பயன்படுத்த வரம் கேட்டு ஒரு செபமே இயற்றியிருக்கிறார். ஆயினும் அறிஞர்கள் ஆலோசனை கேட்டு வந்துகொண்டேயிருந்தனர். பேச்சிலே பழைய செருக்குத் தலைதூக்கக் கூடும் அல்லவா? அதற்காக உட்புறம் முட்கள் கொண்ட இரும்புக் கச்சையை ஆடைக்குள் அணிந்து, வீண்பெருமை எழும்போதெல்லாம் முழங்கையால் அதை அழுத்திக்கொள்வார் என்று ஜில்பெர்த் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. படிக்கும்போது நமக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது. ஆனால் அதே நூல் கூறும் வேறு செய்திகள் நமக்குக் கிட்டியவை. தம் படுக்கையைத் தாமே விரித்தார். சமையலறைக்குத் தாமே சென்று உணவை எடுத்து வந்து, பாத்திரத்தைத் திருப்பியும் கொண்டுபோய் வைத்தார்.

ஜாக்குலின் மடத்தில் சிறுமிகளுக்குப் பொறுப்பாளராகி, அவர்களை வளர்ப்பதற்கான ஒழுங்குமுறைகளை எழுதினார். (அவற்றில் மௌன நேரம் எவ்வளவு என்று தெரிந்தால் நம் விடுதித் தோழியர் தங்கள் அட்டவணையை வாழ்த்துவர்!) 1661 அக்டோபர் 4இல் அவர் இறந்தார். செய்தி வந்தபோது பிளேஸ், நாமும் இவ்வாறு நன்மரணம் அடைய இறைவன் அருள்வாராக என்று மட்டும் சொல்லி அமைதியானார்.

1662 மார்ச்சில் பாரிஸ் தெருக்களில் ஒரு புதுமை ஓடிற்று. குறித்த பாதையில், குறித்த நேரத்தில், ஐந்து சூ காசுக்கு ஏறிச் செல்லும் குதிரை வண்டி. நம் டவுன் பஸ்ஸுக்கு அதுவே முப்பாட்டி. திட்டம் பாஸ்கலுடையது. அக்குளிர்காலத்தில் புளுவா நகரத்து ஏழைகள் பட்டினியால் வாடினர். வண்டித் தொழிலில் தமக்கு வரக்கூடிய பங்கிலிருந்து ஆயிரம் லிவர் முன்பணமாகக் கேட்டார், அவர்களுக்கு அனுப்ப. இன்னும் இலாபம் வராத தொழிலிலிருந்து கொடுக்க முன்வந்தவர் அவர்.

அவர் வீட்டிலேயே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். கோடையில் அக்குடும்பத்துச் சிறுவனுக்கு அம்மை கண்டது. பாஸ்கலும் அப்பொழுது நோயாளி. அவரைக் கவனிக்க ஜில்பெர்த் வந்து போக வேண்டும். அவருக்கோ குழந்தைகள் உண்டு. அம்மை தொற்றும். எனவே அக்குடும்பத்தை வேறிடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று எவரும் நினைப்பர். பாஸ்கல் அவ்வாறு நினைக்கவில்லை. நோயுற்ற பிள்ளையை அசைப்பது ஆபத்து. எனக்கு அதைவிட ஆபத்துக் குறைவு என்று கூறி, ஜூன் 29ஆம் நாள் தம் சொந்த வீட்டைவிட்டுத் தாமே வெளியேறி, அக்காளின் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து திரும்பவேயில்லை.

நோய் முற்றியது. திவ்விய நற்கருணை வாங்க ஏங்கினார். ஆபத்து நேரவில்லை என்று மருத்துவர் தள்ளிப்போட்டனர். நற்கருணையில் கிறிஸ்துவைப் பெற இயலாவிடில், அவருடைய உறுப்புகளான ஏழைகளிலேனும் அவரோடு ஒன்றிக்க விரும்பினார். நோயுற்ற ஏழை ஒருவரை அவ்வீட்டுக்குக் கொண்டுவந்து, தமக்குச் செய்யும் பணிவிடை ஒன்றுகூடக் குறையாமல் அவருக்கும் செய்ய வேண்டும் என்று கேட்டார். கொண்டுவரத் தக்க நிலையில் அப்போது எவரும் இல்லை. அப்படியானால் தீராத நோயாளிகளின் மருத்துவமனைக்குத் தம்மைத் தூக்கிச் செல்லுங்கள், ஏழைகளின் நடுவே சாகிறேன் என்றார். மருத்துவர் அதற்கும் இசையவில்லை. ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு வலிப்புக் கண்டு, இறந்துவிட்டார் என்றே கூடியிருந்தோர் நினைத்தனர். வலிப்புத் தெளிந்தது. பங்குக் குருவானவர் நற்கருணையோடு அறைக்குள் நுழைந்தபோது, எழ வலுவில்லாதவர் தாமே பாதி எழுந்து, கண்ணீரோடு ஆண்டவரைப் பெற்றுக்கொண்டார். 1662 ஆகஸ்டு 19, இரவு ஒரு மணிக்கு உயிர் நீத்தார். வயது முப்பத்தொன்பது. பாரிஸில் புனித ஸ்தேவான் ஆலயத்திலே அவரை அடக்கம் செய்தனர்.

சில நாட்களுக்குப் பின் ஒரு பணியாள் அவருடைய மேலங்கியை எடுத்தார். உட்துணியில் ஏதோ தடிப்பாகக் கையில் தட்டுப்பட்டது. தையலைப் பிரித்துப் பார்த்தால், மடித்த தோல்தாள் ஒன்று. அதனுள்ளே ஒரு காகிதம். இரண்டிலும் பாஸ்கலின் கையெழுத்து. 1654 நவம்பர் 23ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை, நெருப்பைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லைத் தலைப்பிலிட்டு, மணி முதற்கொண்டு குறித்து வைத்திருந்தார். அங்கி பழையதாகிப் புதியது வரும்போதெல்லாம் அதைப் பிரித்தெடுத்து மறுபடியும் உள்ளே வைத்துத் தைத்து, எட்டு ஆண்டுகள் தம் உடலோடு சுமந்திருக்கிறார். தோல்தாள் காணாமற் போய்விட்டது. காகிதம் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.